காற்றில் நெய்த ஆடை – 7: பட்டாம்பூச்சியின் பிடிவாதம்

சென்ற வாரம் ஓர் அரசாணையோடு நிறுத்தியிருந்தேன். 1859 நவம்பரில் மூன்றாம் நெப்போலியனின் அரசு போட்ட ஆணை அது. பாரிஸ் ஓப்பராவில் படுதா, திரைச்சீலை, உடுப்பு என்று துணியாக இருக்கும் எதுவும் தீப்பிடிக்காத மருந்தில் நனைத்து உலர்த்திய பிறகுதான் இனி மேடையேற வேண்டும். மருந்து, ழான் அதோல்ஃப் கார்த்தெரோன் என்பவரின் கண்டுபிடிப்பு. பாலே நடனக்காரிகளின் பாவாடைக்கும் விலக்கு இல்லை. எல்லாரும் கீழ்ப்படிந்தார்களா என்று கேட்டிருந்தேன்.

இல்லை. 1860இல் ஓப்பரா இயக்குநரின் மேசைக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் எம்மா லிவ்ரி, பதினெட்டு வயதை ஒட்டிய பெண். புதிய பாலேவின் முதல் ஆட்டங்களில் வழக்கமான பாவாடையைத்தான் உடுத்துவேன் என்று அதில் அடித்துச் சொல்லியிருந்தாள். எது நடந்தாலும் பொறுப்பு தன்னுடையது என்றும் எழுதியிருந்தாள். திமிராக எழுதிய கடிதம் அல்ல. நிர்வாகத்தின் கவலை நியாயமானது என்று ஒப்புக்கொள்கிறாள். சில ஆட்டங்கள் போகட்டும், உடையின் அழகு கெடாது என்றால் நானே மாற்றித் தரச் சொல்கிறேன் என்கிறாள்.

அழகு கெடாது என்றால்! அந்த ஒரு நிபந்தனைக்கு அவள் கொடுத்த விலையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

*

எம்மா 1842 செப்டம்பரில் பிறந்தவள். தாய் செலெஸ்தீன் எமாரோ, அதே ஓப்பராவில் பெரிதாகப் பெயர் எடுக்காத நடனக்காரி. தந்தை ஒரு பிரபு, மணம் செய்துகொள்ளாதவர். அன்றைய ஓப்பராவில் இது யாரும் புருவம் உயர்த்தும் விஷயமே அல்ல. சந்தா கட்டிய செல்வந்தர்கள் மேடைக்குப் பின்னால் நடனக்காரிகளின் கூடம் வரை வந்து போகும் உரிமை பெற்றிருந்த காலம். யாருக்கு முதல் வேடம், யாருக்குக் கடைசி வரிசை என்பதில் அவர்களுடைய வாய்ச்சொல்லும் சேரும். எம்மாவின் அரங்கேற்றத்துக்கும் அப்படி ஒரு பிரபுவின் செல்வாக்கு உதவியது.

ஆனால் 1858 அக்டோபர் 20ஆம் தேதி அவள் மேடையில் காலெடுத்து வைத்த பிறகு செல்வாக்குக்கு வேலையில்லாமல் போயிற்று. ஒல்லி உடம்பு, அழகி என்று சொல்ல முடியாத முகம். அந்தப் பெண் குதித்தால் தரை தேவைப்படவில்லை என்று பாரிஸ் வியந்தது. அவள் ஆடியது ‘லா சில்ஃபீட்’. தொடரை முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்கு இந்தப் பெயர் போதும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1832 மார்ச் 12. பாரிஸ், அன்று ஓப்பரா இயங்கிய லு பெலெத்தியே தெரு அரங்கு. ஃபிலிப்போ தாலியோனி தன் மகள் மரிக்காக அமைத்த பாலே அது. மரி தாலியோனி காற்றுத் தேவதையாக வந்தார். ஓவியர் யூஜீன் லாமி வரைந்து கொடுத்த உடை: இறுக்கமான மேற்சட்டை, திறந்த தோள்கள், முதுகில் இரண்டு சின்னச் சிறகுகள், கெண்டைக்காலில் முடியும் மணி வடிவ வெள்ளைப் பாவாடை. நகை, சரிகை, பூவேலை என்று எதுவும் இல்லை. பாவாடை ஏன் கெண்டைக்காலோடு நின்றது? கீழே நடப்பது தெரிய வேண்டுமே. சாட்டின் செருப்பின் நுனியில் அவர் நின்றார். செருப்புக்குள் கட்டை, பசை, அட்டை ஒன்றும் கிடையாது. நுனியில் நூலால் இழையோட்டித் தைத்திருப்பார்கள், அவ்வளவுதான். மற்றதெல்லாம் கால்விரல்களின் பலம். (பீட்டர்ஸ்பர்க் ரசிகர்கள் அவருடைய செருப்பை ஏலத்தில் எடுத்து, சமைத்து, சாஸ் ஊற்றிச் சாப்பிட்டார்கள் என்றொரு கதை உண்டு. ரசிகர் மன்றம் என்பது நம்மூர்க் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.)

இந்தப் பாவாடை பிறக்க இரண்டு இயந்திரங்கள் தேவைப்பட்டன. ஒன்று, ஜான் ஹீத்கோட் என்ற ஆங்கிலேயர் 1809இல் காப்புரிமை வாங்கிய வலைத்துணி இயந்திரம். நம் தையற்கடைகளில் ‘நெட்’ என்று கேட்டு வாங்குகிறோமே, அதற்கு மூதாதை. கையால் பின்னி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய துணி கெஜக்கணக்கில் கிடைக்க ஆரம்பித்தது. வேலை இழந்தவர்கள் 1816இல் அவருடைய ஆலைக்குள் புகுந்து தறிகளை நொறுக்கிய கதையை மூன்றாம் அத்தியாயத்தில் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று எரிவாயு விளக்கு. 1822இல் அலாவுதீன் கதையை ஓப்பராவாகப் போட்டபோது பாரிஸ் ஓப்பரா முதன்முதலாக எரிவாயு வெளிச்சம் கண்டது. எண்ணெய் விளக்கையும் மெழுகுவத்தியையும் ஒவ்வொன்றாக ஏற்றி அணைக்க வேண்டும். எரிவாயு அப்படியில்லை. குழாயைத் திருகினால் மேடை முழுவதும் நிலவொளி; இன்னும் கொஞ்சம் திருகினால் மயான இருட்டு. 1831இல் ‘ராபர்ட் லு தியாப்ல்’ ஓப்பராவில் செத்துப்போன கன்னியாஸ்திரிகள் வெள்ளை உடையில் கல்லறையிலிருந்து எழுந்து வந்த காட்சியில் சபை உறைந்துபோனது. அந்த வெளிச்சத்தில் பட்டும் வெல்வெட்டும் கனத்துத் தெரிந்தன. வெள்ளை வலைத்துணி மட்டும் ஒளியை உள்ளே வாங்கி, தானே ஒளிர்வது போல நின்றது. வெளிச்சம் துணியைத் தேர்ந்தெடுத்தது, துணி கதையைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த பத்தாண்டுகளில் ஓப்பராவில் ஆவிகள், நீர்த்தேவதைகள், செத்த மணப்பெண்கள் எல்லாரும் வரிசையாக வந்தார்கள். எல்லாருக்கும் அதே வெள்ளைப் பாவாடை. விமர்சகர் தியோஃபில் கோத்தியே, இந்த வெள்ளை வலைத்துணி அளவு மீறிப் போகிறது என்று அலுத்துக்கொண்டார். ‘ஜிசெல்’ கதையை எழுதி அந்த அளவை மேலும் மீறியவரும் அவரேதான்.

இந்தப் பாவாடை எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு நம் பக்கத்துச் சாட்சி ஒன்று இருக்கிறது. 1830இல் மரி தாலியோனி இந்தியக் கோயில் தாசியாக ஒரு நாட்டிய ஓப்பராவில் வேடம் கட்டினார். எட்டு ஆண்டுகள் கழித்து, கடலூர் அருகே திருவந்திபுரத்தைச் சேர்ந்த உண்மையான தேவதாசிகள் ஐந்து பேர் நட்டுவாங்க வாத்தியக்காரர்களோடு கப்பலேறிப் பாரிஸில் வந்து இறங்கினார்கள். பதினெட்டு வயது மதிக்கத்தக்க ஒருத்தியைப் பிரெஞ்சுப் பத்திரிகைகள் ‘அமனி’ என்று எழுதின. நம் ஊர் அம்மணியாகத்தான் இருக்க வேண்டும். கோத்தியே அவளைப் பார்த்துச் சொக்கிப்போய் எழுதினார். தாலியோனிக்கும் அவருடைய போட்டியாளர் ஃபானி எல்ஸ்லருக்கும் வெண்கலச் சிலை வார்த்த அதே ஒகுஸ்த் பார், அம்மணிக்கும் ஒன்று வார்த்தார். பாரிஸ் பார்த்தது, ரசித்தது, எழுதியது. பிறகு என்ன செய்தது? 1858இல் கோத்தியேவின் கதையில் சகுந்தலை ஓப்பராவின் பாலே மேடைக்கே வந்தாள். 1877இல் பீட்டர்ஸ்பர்கில் ‘லா பயதேர்’ வந்தபோது அதன் பெயர்பெற்ற நிழலுலகக் காட்சியில் இந்தியத் தாசிகள் அத்தனை பேரும் வெள்ளை வலைப் பாவாடையில்தான் இறங்கி வந்தார்கள். திருவந்திபுரத்துப் புடவைக்கட்டு எரிவாயு வெளிச்சத்தோடு போட்டியிட முடியவில்லை.

*

எம்மாவின் அரங்கேற்றச் செய்தி இத்தாலியில் கோமோ ஏரிக்கரைக்கு எட்டியது. மேடையை விட்டு விலகி அங்கே வாழ்ந்துகொண்டிருந்த மரி தாலியோனிக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. தன் வேடத்தை ஒரு சிறுமி ஆடுகிறாளாமே என்று பார்க்க வந்தவர் திரும்பிப் போகவில்லை. எம்மாவுக்கு ஆசிரியை ஆனார். தன் படம் ஒன்றில், என்னை உலகம் மறக்கும்படி ஆடு, ஆனால் நீ என்னை மறந்துவிடாதே என்ற பொருளில் எழுதிக் கொடுத்தார். வாழ்நாளில் எந்தப் போட்டியாளருக்கும் விட்டுக்கொடுக்காத பெண்மணியிடமிருந்து வந்த வார்த்தை.

அதோடு நிற்கவில்லை. எம்மாவுக்காகவே ஒரு முழுநீள பாலேவை அமைத்தார்: ‘லு பாப்பியோன்’, பட்டாம்பூச்சி. இசை ஒஃபென்பாக். 1860 நவம்பர் 26 அன்று முதல் ஆட்டம். சூனியக்காரி ஒருத்தி கதாநாயகியைப் பட்டாம்பூச்சியாக மாற்றிவிடுகிறாள். கடைசியில் அந்தப் பட்டாம்பூச்சி தீவட்டி வெளிச்சத்தை நோக்கிப் பறந்து போகிறது, சிறகு தீய்கிறது, சாபம் நீங்குகிறது. நாவலாசிரியன் எழுதியிருந்தால் பத்திரிகை ஆசிரியர் அடித்திருப்பார். வரலாற்றுக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

எம்மா இயக்குநருக்குக் கடிதம் எழுதியது இந்த ஆண்டில்தான்.

ஆபத்து அவளுக்குத் தெரியாதா? தெரியும். எல்லாருக்கும் தெரியும். 1844 டிசம்பர் 14 அன்று லண்டன் ட்ரூரி லேன் அரங்கில், தாலியோனியின் தந்தை அமைத்த ஓர் அந்தப்புரக் கலகக் கதையில், கிளாரா வெப்ஸ்டர் என்ற இளம் நடனக்காரியின் பாவாடை விளக்கில் பட்டுப் பற்றிக்கொண்டது. பார்வையாளர்கள் கண்ணெதிரே மேடையில் ஓடினாள். மூன்றாம் நாள் இறந்தாள். அவள் கடிதம் எழுதிய பிறகும் விபத்துகள் நிற்கவில்லை. 1861 செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் உடை மாற்றும் அறையில் ஒருத்தி பாவாடையை எடுக்கப்போய் எரிவாயுச் சுடரில் பட, அணைக்க ஓடி வந்தவர்களின் பாவாடையும் ஒவ்வொன்றாகப் பற்றியது. ஆறு பேருக்குக் குறையாமல் இறந்தார்கள்; அவர்களில் ஒரே குடும்பத்துச் சகோதரிகளும் உண்டு. மேடையில் மட்டும் என்று இல்லை. அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோவின் மனைவி அதே ஆண்டு ஜூலையில் வீட்டிலேயே உடை பற்றி இறந்துபோனார்.

பருத்தி எரியும். கஞ்சி போட்ட பருத்தியும் எரியும். ஆனால் வலைத்துணி எரிவதில் ஒரு தனிக் கொடுமை இருக்கிறது. ஒவ்வொரு கண்ணிலும் காற்று நிற்கிறது. அடுக்கடுக்காகப் போட்டால் அடுக்குக்கு அடுக்கு காற்று. நெருப்புக்கு வேறென்ன வேண்டும்? 1850களில் மேடைக்கு வெளியே பெண்கள் உருக்குக் கம்பிக் கூடு வைத்துப் பாவாடையை விரிக்கத் தொடங்கியபோது, கூடு கட்டிக்கொண்டு குதிக்க முடியாத நடனக்காரிகள் அந்த விரிவை அடுக்குகளைக் கூட்டித்தான் எட்டிப்பிடித்தார்கள். மேடையின் இரு பக்கமும் ஏணி போல நிறுத்திய குழாய்களில் திறந்த சுடர்கள். முன்வரிசையில் தரையோரம் இன்னொரு வரிசை. நடுவில் அவர்கள்.

மருந்தும் புதிதல்ல என்பதுதான் என்னைத் திகைக்க வைக்கிறது. பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக், பதினெட்டாம் லூயி மன்னர் கேட்டுக்கொண்டபடி, நாடகத் துணிகளை அம்மோனியம் பாஸ்பேட், வெண்காரம் முதலான உப்புகளில் நனைத்தால் சுடர்விட்டு எரியாது என்று 1821இலேயே எழுதி வைத்துவிட்டார். ஓப்பராவுக்குள் எரிவாயு நுழைவதற்கு ஓராண்டு முன்பே! அது ஆணையாக மாற முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின.

ஆணை வந்த பிறகு என்ன? கார்த்தெரோன் மருந்தில் முக்கியெடுத்த பாவாடை விறைத்தது, வெண்மை போய் மங்கியது. நிறையைக் குறைத்துக் குறைத்து, காற்றில் மிதப்பதாகக் காட்டுவதையே தொழிலாக வைத்திருந்த கலையில், பாவாடை தொங்கினால் ஆட்டக்காரியும் தொங்கினாள் என்று பொருள். முதல் ஆட்டத்துக்கு வருவது விமர்சகர்களும் சந்தாதாரர்களும். எம்மாவைக் கர்வம் பிடித்தவள் என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். முகத்தில் அழகில்லை என்று முகத்துக்கு நேரே எழுதிய பத்திரிகைகளுக்கு நடுவே அவளிடம் இருந்த ஒரே சொத்து, எடையில்லாதவள் என்ற பெயர். அதை மருந்தில் முக்கச் சொன்னார்கள். பொறுப்பை அவள் தலையில் ஏற்றிக்கொண்டதும் நிர்வாகம் சம்மதித்துவிட்டது பாருங்கள், குற்றம் சாட்ட வேண்டுமானால் நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். ஆணை அரசாணை, விலக்குக் கொடுக்கும் அதிகாரம் பதினெட்டு வயதுப் பெண்ணின் கையெழுத்துக்கு எங்கிருந்து வந்தது?

*

1862 நவம்பர் 15. ஓபரின் ‘போர்த்தீச்சி ஊமைப்பெண்’ ஓப்பராவுக்கு ஒத்திகை. எம்மாவுக்கு ஃபெனெல்லா வேடம். ஓப்பராவில் எல்லாரும் பாட, பேச முடியாத ஒருத்தி அபிநயத்தில் மட்டுமே வாழும் பாத்திரம்.

இரண்டாம் அங்கம். தன் முறைக்காக அவள் பக்கத்திரை அருகே உயரமான இடத்தில் காத்திருந்தாள். பாவாடை கசங்கக் கூடாது. கையால் தூக்கி, விரித்து, உதறினாள். அந்த உதறலில் கிளம்பிய காற்று பக்கத்துச் சுடரை இழுத்துக்கொண்டது.

அடுத்த கணம் அவள் மேடையில் ஓடிக்கொண்டிருந்தாள். ஓட ஓடக் காற்று, காற்றால் நெருப்பு. அவளுடைய உயரத்தைப் போலப் பல மடங்கு எழுந்த சுடர் மேடையை மூன்று முறை குறுக்கே கடந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். தீயணைப்பு வீரர் ஒருவர் அவளை மறித்துப் போர்வையால் மூடி அணைத்தார். எரிந்த மிச்சத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆட்கள் நடுவே உடையில்லாமல் நிற்க நேரும் என்ற கூச்சம்.

முகம் தப்பியது. தொடை, இடுப்பு, முதுகு, தோள், கைகள் தப்பவில்லை. விஞ்ஞானி பாஸ்டர் அப்போதுதான் கிருமிகளைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார். தீக்காயத்துக்கு அன்றைய மருத்துவத்திடம் பெரிதாக ஒன்றுமில்லை. எட்டு மாதம் படுக்கையில் கிடந்தாள். அந்த நாட்களில் மருந்து போட்ட பாவாடையைப் பற்றிக் கேட்டபோது, ஆபத்துக் குறைவுதான், ஆனால் மறுபடி ஆட வந்தாலும் அதை உடுத்த மாட்டேன், அவ்வளவு அசிங்கம் என்று சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது.

தேறி வருவதாகத் தோன்றியது. நல்ல காற்றுக்காக நகருக்கு வெளியே நெய்யிக்கு வண்டியில் கொண்டுபோனார்கள். வழியில் காயங்கள் திறந்துகொண்டன, நச்சு ஏறியது. 1863 ஜூலை 26ஆம் தேதி இறந்தாள். இருபத்தோரு வயது நிரம்ப இரண்டு மாதம் இருந்தது.

இறுதி ஊர்வலத்தில் சவப்பெட்டிக்கு மேலே இரண்டு வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் பறந்தன என்று கோத்தியே எழுதினார். கதை எழுதிப் பழகிய கை என்பதால் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன். சந்தேகமே இல்லாத சாட்சி வேறு இருக்கிறது: அந்தப் பாவாடையின் கருகிய துண்டுகளை பாரிஸ் ஓப்பராவின் நூலக அருங்காட்சியகத்தில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

*

எம்மாவின் மரணம் வெள்ளைப் பாவாடையை மேடையிலிருந்து விரட்டியிருக்க வேண்டும் என்று தோன்றும். நடந்தது வேறு. பக்கத்திரைகளில் ஈரப் போர்வைகள் தொங்கின. விசாரணைகள் நடந்தன. பாவாடை அப்படியே இருந்தது. 1873 அக்டோபரில் லு பெலெத்தியே தெரு அரங்கமே எரிந்து சாம்பலானது. புதிய ஓப்பரா மாளிகைக்குப் பாவாடை குடிபெயர்ந்தது.

கடைசியில் மாறியது விளக்குதான். 1881 டிசம்பரில் லண்டன் சவாய் அரங்கம் மேடையையும் சபையையும் மின்விளக்கால் நிரப்பியது. மேலாளர் டி’ஓய்லி கார்ட் சபைக்கு முன்னால் வந்து, எரிந்துகொண்டிருந்த ஒரு மின்குமிழை மெல்லிய துணியில் சுற்றி உடைத்துக் காட்டினார். துணி கருகவில்லை. அந்தச் செயலின் அருமை எம்மாவைத் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். சுடர் மேடையை விட்டுப் போன பிறகு ஐரோப்பிய அரங்குகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பயமின்றிப் பாவாடையை விரிக்க முடிந்தது. விரிந்தது மட்டுமல்ல, சுருங்கவும் தொடங்கியது.

1885இல் மிலானில் பயின்ற விர்ஜீனியா ட்ஸூக்கி என்ற இத்தாலியப் பெண் பீட்டர்ஸ்பர்கில் வந்து இறங்கினார். ஜார் மன்னரின் அரசு அரங்கில் அவருக்கு ‘பார்வோன் மகள்’ வேடம். அரங்கின் விதிப்படி முழங்காலை மறைத்துத் தைத்த பாவாடையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். என் பாட்டிக்குத் தைத்ததா இது, நான் உடுத்த மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார் என்கிறார்கள். விதியை எழுதியவர்கள் அரண்மனை அதிகாரிகள். முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்கள் அரச குடும்பத்தார். எம்மா துணியின் வெண்மைக்காகப் பிடிவாதம் பிடித்தாள், ட்ஸூக்கி பிடித்தது அதன் நீளத்துக்காக. முழங்காலைக் காட்டியபடி அவர் மேடைக்கு வந்தாரா, அதிகாரிகள் திரையை இறக்கினார்களா? அடுத்த வாரம்.

(தொடரும்)